ஹோமில் வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள்: அரசிடம் இழப்பீடு கோருவது எப்படி?

குழந்தைகள் இல்லங்களில் கவனிப்பாரில்லாமல் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட வாசகர்களின் கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரோ இல்லங்களின் பெயரோ இதில் இல்லை.

கேள்வி: 1997 முதல் 2008 வரை சென்னைக்கு வெளியே ஒரு தனியார் ஹோமில் இருந்தேன். ஆறு வயதில் சேர்த்தார்கள். காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே இல்லை. இப்போது வலது காது கேட்காது. அடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன் சார். கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறதாமே, நம்மிடம் அப்படித் திட்டம் உண்டா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: தனித் திட்டம் எதுவும் இல்லை. மத்திய அரசிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. "அதற்கு ஒரு ஃபாரம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திட்டம் இல்லை என்பதற்காக வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எது உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பதை உங்கள் வயதும் சம்பவம் நடந்த ஆண்டும்தான் முடிவு செய்யும்.

சிவில் வழக்கில், மைனராக இருந்தபோது நேர்ந்த பாதிப்புக்குக் கெடு 18 வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அது அதிகபட்சம் 3 ஆண்டு, அதாவது 21 வயது வரை. சில வகைக் கோரிக்கைகளுக்கு 1 ஆண்டுதான். உங்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. மாநில மனித உரிமை ஆணையமும் சம்பவம் நடந்து 1 ஆண்டு கடந்தால் விசாரிக்க முடியாது. குற்ற வழக்கை எடுத்துக்கொண்டால், உங்கள் காலத்தின் பெரும்பகுதியில் நடப்பில் இருந்த 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனையே 6 மாதம். அவ்வளவு சிறிய குற்றத்தை நீதிமன்றம் 1 ஆண்டுக்குள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், இத்தனை ஆண்டுத் தாமதத்தை மன்னிப்பார்கள் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எங்களால் முடியாது. அதற்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கடுமையான பிரிவுகளைப் பழைய சம்பவத்துக்குப் பொருத்தவும் முடியாது. அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

மிஞ்சுவது உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு, அதாவது அரசுக்கு நேரடியாக உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்திடமே கேட்கும் மனு. 1983இல் ருதுல் சா வழக்கிலும் 1993இல் நீலபதி பெஹரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரசின் தவறால் ஒருவரின் உயிர்வாழும் உரிமை பறிபோனால், அவரை சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பாமல் ரிட்டிலேயே இழப்பீடு வழங்கலாம். நீலபதி வழக்கில் போலீஸ் காவலில் மகனை இழந்த தாய்க்கு 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ரிட்டுக்குக் குறிப்பிட்ட கெடு கிடையாது. ஆனால் "இவ்வளவு காலம் ஏன் வரவில்லை?" என்று நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். அதற்கு மனுவிலேயே, கேட்பதற்கு முன்பே, ஆண்டுவாரியாகப் பதில் இருக்க வேண்டும்: எப்போது வெளியே வந்தீர்கள், காது கேட்காததன் காரணத்தை எந்த டாக்டர் எப்போது சொன்னார், ஆவணங்களை எப்போது கேட்டீர்கள், எப்போது கிடைத்தன.

தனியார் ஹோம் என்பதால் அரசு கைகழுவிவிட முடியுமா? மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்களை அங்கே அனுப்பியது எது: சிறார் நல வாரியத்தின் அல்லது குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவா, வீட்டாரே நேரில் கொண்டுபோய் விட்டார்களா? ஹோமுக்கு அரசு அங்கீகாரமோ பதிவோ இருந்ததா? அரசு மானியம் போனதா? உத்தரவு போட்டு அனுப்பியிருந்தால் அரசின் பொறுப்பு மிக வலுவானது. வீட்டார் விட்டிருந்தால், ஆய்வு செய்யத் தவறியது என்ற ஒரே காலில்தான் வழக்கு நிற்கும். முடியாதது இல்லை, கடினம்.

ரிட்டுக்கு முன்பு எழுத்துமூலக் கோரிக்கை மனு கட்டாயம். கேட்டு, மறுத்தார்கள் அல்லது பதிலே தரவில்லை என்று காட்டினால்தான் உத்தரவு கேட்க முடியும். சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் (தலைமைச் செயலகம், சென்னை 9), கெல்லீஸில் இருக்கும் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை இயக்குநர், ஹோம் இருந்த மாவட்டத்தின் ஆட்சியர் ஆகிய மூவருக்கும் ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா சான்றோடு அனுப்புங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். இந்த மனுவை அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். பல ரிட்டுகளில் உயர் நீதிமன்றம் "இவரது மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடும். அப்போது அதிகாரியின் மேஜையில் இருப்பது அந்த மனு மட்டும்தான். அதில் இல்லாத எதுவும் பரிசீலனைக்கு வராது.

காதுக்கு: ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்து மாற்றுத்திறனாளி சான்றும் வாங்குங்கள். அந்தச் சான்று எத்தனை சதவீதம் என்று சொல்லுமே தவிர எதனால் என்று சொல்லாது. ஆகவே, நீண்டநாள் நடுச்செவித் தொற்றுக்குச் சிகிச்சை இல்லாததால் ஏற்பட்ட பாதிப்பாக இருக்கக்கூடுமா என்று டாக்டரிடம் தனியாக எழுத்தில் கருத்துக் கேளுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த ஒரு காகிதத்தில்தான்.

கேள்வி: ஹோமில் போய்க் கேட்டால் "பழைய ஃபைல் எல்லாம் மழையில் போச்சு" என்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. எங்கே தொடங்குவது?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: ஹோமில் தொடங்காதீர்கள். ஹோமைப் பற்றிய காகிதங்கள் ஹோமில் மட்டும் இருப்பதில்லை. அரசு அலுவலகங்களிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இருக்கின்றன. அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

தனியார் ஹோம் நேரடியாக இந்தச் சட்டத்தில் வராமல் போகலாம். ஆனால் வேறொரு சட்டப்படி அரசு அலுவலகம் கேட்டுப் பெறக்கூடிய தனியார் தகவலும் 'தகவல்'தான் என்று 2ஆம் பிரிவு சொல்கிறது. ஹோமை ஆய்வு செய்யும் அதிகாரம் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஹோமிடமிருந்து வாங்கி உங்களுக்குத் தர வேண்டும். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மனு பெரும்பாலும் தோற்பது கேட்கும் விதத்தால். "எனக்கு ஏன் வைத்தியம் பார்க்கவில்லை?" என்று கேட்டால், காரணம் சொல்ல வேண்டியது தங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: என்னை அனுப்பிய உத்தரவு, சேர்க்கை, விடுவிப்புப் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கம், என் கேஸ் ஃபைலும் மருத்துவப் பதிவும், நான் இருந்த ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், ஹோமின் பதிவுச் சான்றும் புதுப்பித்தலும், மானிய உத்தரவுகள். "மற்றக் குழந்தைகளின் பெயர்களை மறைத்துத் தரவும்" என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிட்டால், அந்தரங்கம் என்ற சாக்கு எழாது.

பழைய காலத்து விஷயத்துக்குப் பழைய பெயரில் கேளுங்கள். குழந்தைகள் நலக் குழு, அதாவது சி.டபிள்யூ.சி., 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் இருந்தது சிறார் நல வாரியம். கெல்லீஸ் துறை முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை. மாவட்டமும் மாறியிருக்கும்: தாம்பரம், மாமல்லபுரம் பக்கத்து ஹோம்கள் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. ஃபைல் எந்தப் பக்கம் போனது என்று இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும். அதனால் இரண்டுக்கும் ஒரே நாளில் தனித்தனி மனு போடுங்கள்.

"ஆவணம் இல்லை" என்று பதில் வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது, அழிப்புப் பதிவேட்டின் நகல் எங்கே என்று அடுத்த மனுவில் கேளுங்கள். கையில் இருக்க வேண்டிய ஆவணத்தைக் காட்டாதவருக்கு எதிராக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். "இல்லை" என்ற அந்தக் கையெழுத்திட்ட பதிலே உங்களுக்கு ஒரு சாட்சி.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் இடத்தில் ஹோம் வார்டனின் பெயரோ ஹோம் முகவரியோ இருக்கும். நீங்கள் அங்கே இருந்ததற்கு அதுவே நிரூபணம். தலைமையாசிரியரிடம் நகல் கேளுங்கள். வெளிநாட்டு ஸ்பான்சர் வழியாகப் பணம் வந்த ஹோம் என்றால், ஆண்டுதோறும் உங்கள் ஃபோட்டோவும், சில சமயம் உயரம், எடையும் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கும். இதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை, தேட வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற இடங்களில் படுக்கையில் சேர்த்திருந்தால் மட்டுமே கேஸ் ஷீட் கிடைக்க வாய்ப்பு. வெளிநோயாளிச் சீட்டு கிடைக்காது.

உடன் இருந்தவர்களின் பிரமாண வாக்குமூலமும் உதவும். ஐந்து பேரும் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஐந்தும் வீண். ஒவ்வொருவரும் தான் பார்த்ததை, தன் சொல்லில், எந்த வகுப்பு படித்தபோது என்று சொல்லி எழுதட்டும். ஒருவர் சொல்வதில் சில விவரம் மற்றவரோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: பட்டினி போட்டதில்லை. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. ஆனால் பசி அடங்கினதே இல்லை. ஒரே ஹாலில் ஒருவர் மேல் ஒருவர் படுப்போம். இதெல்லாம் புகாராகுமா, இல்லை ஏழைப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: இப்படித்தான் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு குழந்தைக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு இடம் என்று அரசே கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பசியை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினால் அது புலம்பலாக இருக்காது, விதிமீறலாகிவிடும்.

இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மத்திய மாதிரி விதிகளின்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, ராகி எல்லாம் சேர்த்து 600 கிராம். 16 முதல் 18 வயது வரை 700 கிராம். பருப்பு, கடலை வகை 120 கிராம், எண்ணெய் 25 கிராம், கீரை 100 கிராம், மற்றக் காய் 130 கிராம், பால் 150 மில்லி. 2007ஆம் ஆண்டு மாதிரி விதிகளிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. நீங்கள் இருந்த ஆண்டில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதைத்தான் காட்ட வேண்டும். புதிய விதியைப் பழைய ஆண்டுக்குக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

60 பிள்ளைகள் இருந்த ஹோம் என்று வைத்துக்கொள்வோம். தானியம் மட்டும் நாளைக்கு 36 கிலோ, 30 நாளைக்கு 1,080 கிலோ வேண்டும். பருப்பு 216 கிலோ. ஸ்டாக் பதிவேட்டிலோ மளிகைப் பில்லிலோ மாதத்துக்கு 500 கிலோதான் வந்திருந்தால், தலைக்கு 278 கிராம்; பாதிகூட இல்லை. வேறு சாட்சியே வேண்டாம், அவர்கள் பில்லே பேசும். ஹோம் தரப்பில் உடனே சொல்லப்போவது, பிறந்தநாள், நினைவுநாள் என்று நன்கொடையாளர்கள் சாப்பாடு கொடுத்தார்கள் என்பது. சென்னையில் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் நன்கொடைப் பதிவேட்டையும் சேர்த்தே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செவ்வாய்க்கிழமைப் பருப்புக்கு ஈடாகாது.

இடத்துக்கு: படுக்கும் ஹாலில் தலைக்கு 40 சதுர அடி. குளியலறை 10 பேருக்கு 1, கழிப்பறை 7 பேருக்கு 1. முப்பதுக்கு இருபது அடி ஹால் என்றால் 600 சதுர அடி, 15 பேருக்குத்தான் போதும். ஹாலின் அளவை நினைவிலிருந்து வரைந்து, எத்தனை பாய், எத்தனை ஜன்னல், வாசல் எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் இன்னும் இருந்தால் அந்த வரைபடத்தைச் சரிபார்க்க முடியும். சரியாக இருந்தால் உங்கள் மற்ற நினைவுகளுக்கும் மதிப்புக் கூடும்.

ஒரு சிக்கல் உண்டு. 2015 சட்டத்தின் 75ஆம் பிரிவு 'வேண்டுமென்றே புறக்கணிப்பது' என்றுதான் சொல்கிறது. பணமில்லாமல் குறைந்தது என்பார்கள். நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தும் செய்யவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆய்வு அதிகாரி எழுதிவைத்த குறை, டாக்டர் எழுதிக் கொடுத்தும் வாங்காத மருந்து, புகார்ப் பெட்டிக் குறிப்பு ஆகியவற்றின் மதிப்பு அங்கேதான். ஒரே குறை இரண்டு மூன்று ஆய்வு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தால், தெரியாது என்று ஹோமும் சொல்ல முடியாது, அரசும் சொல்ல முடியாது.

கேள்வி: என் தங்கச்சிக்கு 16 வயசு, இப்போதும் ஹோமில் இருக்கிறாள். உடம்பெல்லாம் சொறி, இரண்டு மாசமாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. போலீஸில் போனேன், "இது ஹோம் மேனேஜ்மென்ட் விஷயம்" என்று அனுப்பிவிட்டார்கள்.
(வாசகர், கண்ணகி நகர்)

பதில்: தம்பி, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இன்றே கூப்பிடுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, தங்கையை அங்கே அனுப்பிய குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். குழு அவளை நேரில் அழைத்துப் பார்க்கலாம், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம், வேறு இடத்துக்கு மாற்றலாம். ஹோம் ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் அவளிடம் தனியாகப் பேசும்படி புகாரிலேயே கேளுங்கள். ஹோமுக்குப் போய் முதலில் சண்டை போடாதீர்கள். போட்டால் பதிவேடுகள் புதிதாக எழுதப்படும், பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்படும்.

போலீஸ் சொன்னது பாதிதான் தவறு. ஹோம் நிர்வாகியோ ஊழியரோ குழந்தையைப் புறக்கணித்தால் 75ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் 2021 திருத்தத்துக்குப் பிறகு, 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனையுள்ள இந்தச் சட்டக் குற்றங்களை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் இப்படி ஒரு தடையை வைத்தது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் புறக்கணிப்பால் குழந்தை உடல் முடங்கினால், மனநோய்க்கு ஆளானால், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வந்தால் தண்டனை 3 முதல் 10 ஆண்டு. அப்போது போலீஸ் தானாகவே எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். ஆகவே மருத்துவ அறிக்கைதான் உங்கள் சாவி. அதை வைத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். அப்போதும் மறுத்தால் புகாரை போலீஸ் கமிஷனருக்குத் தபாலில் அனுப்புங்கள். பிறகு நடுவர் நீதிமன்றம். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

பாலியல் சீண்டல் என்று சிறு சந்தேகம் இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வரும். அதில் இந்தத் தடை எதுவும் இல்லை. வழக்கு முடியும்வரை காத்திராமல் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் அரசு பணத்தைக் கொடுக்க வேண்டும்.

தங்கையின் படத்தை வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கோபத்தில் படம் போட்ட அண்ணன் மேல் வழக்கு வந்தால் லாபம் ஹோமுக்குத்தான்.

கேள்வி: எஃப்.ஐ.ஆர். இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பணம் கிடைக்கும் என்கிறார்களே?
(வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: கிடைக்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு அது. முன்பு குற்ற விசாரணைச் சட்டத்தின் 357-அ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் வந்தது. குற்றவாளி யார் என்று தெரியாமல் வழக்கு நடக்காவிட்டாலும் நேரடியாக மனு போடலாம். ஆணைக்குழு தன் விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும். வழக்கு நடந்தால், குற்றவாளி விடுதலையாகிவிட்டாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். 2015 சட்டம் நடப்புக்கு வந்த 2016 ஜனவரி 15க்குப் பிறகு நடந்த புறக்கணிப்புக்கு, 75ஆம் பிரிவின் 5 ஆண்டுத் தண்டனை காரணமாக, குற்ற வழக்குக்குக் கால வரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியவில்லை. 2017இல் 15 வயதாக இருந்தவர் இன்றும் புகார் கொடுக்கலாம்.

ஆணையங்களுக்குப் போவதாக இருந்தால் ஒன்றுக்கு மட்டும் போங்கள். மாநில மனித உரிமை ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இரண்டுக்கும் ஒரே புகாரைப் போட்டால், மற்றொன்றில் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடச் சட்டத்தில் இடமுண்டு.

கேள்வி: 19 வயசு. போன வருஷம் ஹோமிலிருந்து ஒரு பையோடு அனுப்பிவிட்டார்கள். ரூம் வாடகைக்கே வழியில்லை, வழக்கெல்லாம் எங்கே போடுவது?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: முதலில் சாப்பாட்டுக்கு வழி பார்ப்போம். 18 முடிந்து வெளியே வந்தவருக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி தர 2015 சட்டத்தில் இடமுண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அது மாதம் 4,000 ரூபாய். ஹோமிலிருந்து விடுவித்த உத்தரவு, ஆதார், வங்கிக் கணக்கு, படிப்பு அல்லது பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு "ஃபண்டு இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எழுத்தில் மறுத்தால் அதையே மேலே கொண்டுபோகலாம்.

வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லோரையும்விட உங்கள் கையில்தான் காலம் அதிகம் இருக்கிறது. உங்களுக்கு சிவில் கதவும் திறந்திருக்கலாம். அரசை எதிர்த்து சிவில் வழக்குப் போட 2 மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 20 வயதிலேயே நோட்டீஸ் போகட்டும். கோர்ட் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். கட்ட வழியில்லாதவராக வழக்கு நடத்தவும் அனுமதி கேட்கலாம்.

கேள்வி: ஒரு வக்கீல், ஃபீஸ் வேண்டாம், வரும் பணத்தில் முப்பது சதவீதம் கொடு என்கிறார். சரியா?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: சரியில்லை. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. உங்களுக்கு வக்கீலே இலவசம்: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. ரிட்டுக்கு உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு என்று கேளுங்கள்.

கேள்வி: வெளிநாடுகளில் எப்படித்தான் கொடுக்கிறார்கள்? இங்கே ஏன் முடியவில்லை?
(வாசகர், அடையாறு)

பதில்: அயர்லாந்து 2002இல் தனிச் சட்டம் போட்டு ஓர் இழப்பீட்டு வாரியம் அமைத்தது. ஆனால் பணம் வாங்கியவர்கள் வேறு வழக்குப் போட முடியாது. பெற்ற தொகை பற்றி வெளியே சொல்லவும் தடை. அந்தக் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை. ஆஸ்திரேலியா தன் இழப்பீட்டுத் திட்டத்தை 2018 ஜூலையில் தொடங்கியது. உச்சம் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். வியாசர்பாடி வாசகரைப் போன்றவருக்கு அங்கேயும் கதவு மூடியிருக்கும். எங்கள் பார்வையில் பார்த்துக் கற்க வேண்டியது ஸ்காட்லாந்து. 2021 டிசம்பரில் தொடங்கிய அவர்களது திட்டம் புறக்கணிப்பையும் கொடுமை என்றே கணக்கில் எடுக்கிறது. விவரமாக எல்லாவற்றையும் சொல்ல விரும்பாதவருக்கு நிலையான 10,000 பவுண்டு. தனியாக ஆராய்ந்து முடிவெடுக்கச் சொன்னால் 20,000 முதல் 1,00,000 வரை ஐந்து படிகள். 2004 டிசம்பர் 1க்கு முன் நடந்தவற்றுக்கு மட்டும்.

இங்கே முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா இல்லங்களுக்கும் உத்தரவுகள் பிறப்பித்த வழக்கே தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி எழுந்ததுதான். அந்த உத்தரவுகள் பதிவு, ஆய்வு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் என்று இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றியவை. ஏற்கெனவே கெட்டுப்போன காதுக்கும் கண்ணுக்கும் யார் பொறுப்பு என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. தமிழ்நாடு அரசு தனித் திட்டம் கொண்டுவர வேண்டும். புறக்கணிப்பு அதில் சேர வேண்டும். ஆவணம் தேடும் சுமை அரசின் தலையில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் தலையில் அல்ல. பணம் வாங்கியவரின் வாயை அடைக்கும் நிபந்தனை கூடாது. இதை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நாங்களும் எழுதிக்கொண்டே இருப்போம்.

கேள்வி: எனக்குப் பணம் வேண்டாம். என்னை ஏன் அங்கே விட்டார்கள், என் அம்மா யார் என்று தெரிந்தால் போதும். செய்தது தப்பு என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.
(வாசகி, ராயபுரம்)

பதில்: இரண்டையும் கேட்கலாம் அம்மா. உங்கள் ஃபைல் உங்களைப் பற்றியது. உங்களைப் பற்றிய தகவலை உங்களுக்கே அந்தரங்கம் என்று மறுக்கக் கூடாது. அம்மாவின் பெயர், முகவரி இருக்கும் பகுதியை மறைத்துத் தரக்கூடும். அப்போது, அவர் சம்மதித்தால் தெரிவிக்கும்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கேளுங்கள். ஃபைலைத் தனியாக இருக்கும்போது பிரிக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். மனம் தாங்காவிட்டால் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

எழுத்துமூல வருத்தம் தெரிவிக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் கோரிக்கை மனுவில் அதைக் கேட்கத் தடையும் இல்லை. மனுவின் நடுவில் ஒரு வாக்கியமாக எழுதினால் பணக் கோரிக்கைக்குள் அது காணாமல் போய்விடும். தனி எண் கொடுத்து, தனிப் பத்தியாக, யார் கையெழுத்தில் வேண்டும் என்பதையும் சொல்லி எழுதுங்கள். பதிலில் அந்த எண்ணுக்கு எதுவும் சொல்லவில்லை என்றால், அந்த ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டித் திரும்பவும் அனுப்புங்கள்.